ஜோதா அக்பர்: போர்ப்படமா, காதல் படமா, புகுந்த வீட்டுப் படமா?

ஜூன் 7. இழையைத் தொடங்கியவர் கேட்டது

"ஜோதா அக்பர் படத்தை நேற்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சரித்திரம், போர், காதல் என்று என்னவோ சொன்னார்கள். எனக்கு மூன்றரை மணி நேர நகைக்கடை விளம்பரம் பார்த்த மாதிரிதான் இருந்தது. இதை ஏன் இத்தனை பேர் இன்னும் கொண்டாடுகிறார்கள்? காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 7, இரவு

நகை விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல முடியாது. நகைகளைச் செய்துகொடுத்தது தனிஷ்க். ஐஸ்வர்யா ராய் தலையைத் திருப்பினால் முதலில் மூக்குவளையம், அப்புறம் நெற்றிச்சுட்டி, அதற்கும் அப்புறம்தான் முகம் வருகிறது. ஆனால் அதோடு முடித்துவிடாதீர்கள்.

நான் விமர்சகன் இல்லை, வரலாறு படித்தவனும் இல்லை. டிவியில் போட்டால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிற ஆள். என் கட்சி இதுதான்: இது போர்ப்படம் இல்லை. போர்ப்படத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்ட கல்யாணப் படம். 2008 பிப்ரவரியில், காதலர் தினத்துக்கு மறுநாள் வந்தது. காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ளும் கதை என்று நினைத்துப் போனவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே கல்யாணம் நடந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசவே ஆரம்பிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த மெதுவான பகுதிதான்.

எங்கள் அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அன்று ஓடியது இந்தி பதிப்பு. போர்க்களம், அரசவை எல்லாம் வரும்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஜோதா சமையலறைக்குள் நுழைகிற இடம் வந்தது, கை நின்றுவிட்டது. புதிதாக வந்த மருமகள் தானே சமைக்கிறேன் என்கிறாள். வளர்ப்புத் தாய் மாகம் அங்கா குறுக்கே வந்து நிற்கிறாள். கடைசியில் சபையில் எல்லோர் முன்னாலும், பாதுஷாவுக்குப் பரிமாறுவதற்கு முன் நீயே ஒவ்வொன்றையும் ருசி பார்த்துக் காட்டு என்கிறாள். விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற அரண்மனை வழக்கம்தான், ஆனால் சொல்கிற விதத்தில் இருக்கிறது விஷம். ஜோதா ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைக்கிறாள். அக்பர் சாப்பிடும்போது, ஜோதா ருசி பார்த்த அந்தத் தட்டிலேயே தனக்கும் வேண்டும் என்கிறார். "அடி சக்கை" என்றார் அம்மா. சப்டைட்டிலே தேவைப்படவில்லை.

உண்மையான யுத்தம் அந்தச் சமையலறையில்தான் நடக்கிறது. யானை, குதிரை, பீரங்கி எல்லாம் டிக்கெட் விற்பதற்காக. அவற்றை வெட்டி எறிந்தாலும் படம் நிற்கும்.

ஜூன் 8

"இந்தியில் பார்ப்பதா, தமிழிலா" என்று கேட்டவருக்கு: தமிழ் டப்பிங்கும் உண்டு. ஆனால் இந்தியில், சப்டைட்டிலோடு பாருங்கள். ரித்திக் ரோஷன் உருதுவை நிறுத்தி நிதானமாகப் பேசுகிற அழகு டப்பிங்கில் கரைந்துவிடுகிறது.

ஜூன் 8, மாலை

எதிர்பார்த்ததுதான். "ஜோதா என்று ஒரு ராணியே கிடையாது, படமே பொய்" என்று ஒருவர் எழுதிவிட்டார். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை.

கல்யாணம் நடந்தது. 1562 தொடக்கத்தில், அக்பர் அஜ்மீர் தர்காவுக்குப் போய்த் திரும்பும் வழியில், ராஜஸ்தானின் சாம்பரில் நடந்தது. பெண் ஆமேர் ராஜா பார்மலின் மகள். மாப்பிள்ளைக்கு வயது 19. அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் அக்பர்நாமாவில் இதைப் பதிவு செய்கிறார், பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை. பிற்பாடு அவளுக்குக் கிடைத்த பட்டம் மர்யம் உஸ் ஜமானி. மகன் ஜஹாங்கீர்கூடத் தன் நினைவுக் குறிப்புகளில் அம்மாவை அப்படித்தான் குறிப்பிடுகிறார்.

'ஜோத் பாய்' என்பது உண்மையில் அந்த ஜஹாங்கீரின் மனைவி, ஷாஜஹானின் தாய், ஜகத் கோசாயின். ஜோத்பூர் அரச குடும்பத்துப் பெண், அதனால் அந்தப் பெயர். ஆக, மருமகள் பெயரை மாமியாருக்கு வைத்துவிட்டார்கள். இந்தக் குழப்பம் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1960இல் வந்த 'முகல் ஏ ஆஸம்' அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதில் துர்கா கோட்டேதான் ஜோதா பாய். அந்தப் படம் 'அக்பர்' என்று தமிழிலும் டப் செய்யப்பட்டு வந்தது. ஆகவே நம் தாத்தா பாட்டிகளுக்கே ஜோதா பாயைத் தெரியும்.

இயக்குநர் அசுதோஷ் கோவாரிகர் இதை மறைக்கவில்லை. பெயரைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று படம் தொடங்கும்போதே எழுத்தில் போட்டுவிடுகிறார். அப்படியும் ராஜஸ்தானில் போராட்டம் நடந்து, அங்கே தியேட்டர்களில் படம் ஓடவில்லை. கல்யாணம் நடந்த ஊர்க்காரர்களுக்கே கல்யாண வீடியோவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஜூன் 10

பெயரைவிடப் பெரிய புளுகு படத்தில் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், இன்று ஒரு அம்மா கேட்டுவிட்டார்: "மற்ற மனைவிகள் எங்கே?"

எங்குமே இல்லை. சாம்பர் கல்யாணத்துக்கு முன்பே அக்பருக்கு மனைவிகள் இருந்தார்கள். முதல் மனைவி ருகையா, சித்தப்பா ஹிந்தாலின் மகள். சிறுவன் அக்பருக்குக் காப்பாளராக இருந்த பைராம் கான் 1561 ஜனவரியில் குஜராத்தில், பாட்டனில் கொல்லப்பட்டார். அவருடைய விதவை சலீமாவையும் அதே ஆண்டில் அக்பர் மணந்துகொண்டார். படத்தில் வருவதோ, பெண்வாசனையே படாத கட்டிளங்காளை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஜோதா பார்க்க, வெற்று உடம்போடு வாள் பயிற்சி செய்கிறார். (அந்தக் காட்சியைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது.)

ருகையாவையும் சலீமாவையும் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலிரவில் அக்பர் அவளைத் தொடாமல், உனக்கு விருப்பம் வரும்வரை காத்திருக்கிறேன் என்கிற பாணியில் விலகிப் போகிறாரே, அது இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. மூன்று வீடு தள்ளி இன்னொரு மனைவி இருக்கிறவன் காத்திருப்பதில் என்ன தியாகம்? இயக்குநருக்கும் அது தெரிந்திருக்கும், அதனால்தான் கழற்றிவிட்டார். சினிமாவுக்கு அது வேலை செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "சரித்திரம்" என்று சொல்லி அந்தக் காத்திருப்பை மெச்சும்போது கொஞ்சம் பார்த்து மெச்சுங்கள்.

ஜூன் 11

"எல்லாம் கற்பனைதானே, இதையெல்லாம் ஏன் ஆராய்கிறீர்கள்" என்கிறார் ஒருவர். அதுதான் இல்லை. இந்தப் படத்தில் 'இதெல்லாம் ரொம்ப ஓவர்' என்று தோன்றுகிற இடங்கள்தான் நிஜமாக நடந்தவை.

மாடியிலிருந்து ஆளைத் தூக்கிப் போடுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாகம் அங்காவின் மகன் அதம் கான், அமைச்சர் அத்கா கானைக் கொன்றுவிடுகிறான். அக்பர் வெளியே வருகிறார், அவனை மாடியிலிருந்து தள்ளச் சொல்கிறார். விழுந்தவனுக்கு உயிர் இருக்கிறது. "மறுபடி மேலே தூக்கி வா" என்கிறார். தலைகீழாக இன்னொரு முறை. தியேட்டரில் பக்கத்து சீட்டில் இருந்தவர் "சவுத் படம் மாதிரி பண்ணிட்டாங்க" என்று சிரித்தார். இது அப்படியே அக்பர்நாமாவில் இருக்கிறது. 1562 மே மாதம், ஆக்ரா. தூங்கிக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு எழுந்து வந்து, முதலில் முகத்தில் ஒரு குத்து விட்டிருக்கிறார். அப்புறம்தான் மாடி. இரண்டு தடவை தள்ளியதும் நிஜம். அந்தச் சம்பவத்துக்கு முகலாய ஓவியமே இருக்கிறது, அதம் கான் தலைகீழாக விழுந்துகொண்டிருப்பான்.

அதற்குப் பின்னால் இருப்பது பங்காளிச் சண்டை மாதிரி ஒன்று, படம் அதை முழுசாகச் சொல்லவில்லை. மாகம் அங்கா அக்பரை வளர்த்தவள். அத்கா கானின் மனைவி ஜீஜீ அங்கா அக்பருக்குப் பால் கொடுத்தவள். அதாவது இரண்டு செவிலித்தாய்க் குடும்பங்கள், ஒரு பாதுஷாவை யார் கையில் வைத்திருப்பது என்று அடித்துக்கொண்டன. சேதியை மாகம் அங்காவிடம் அக்பரே போய்ச் சொன்னாராம். "நல்லது செய்தீர்கள்" என்று மட்டும் சொன்னாளாம். நாற்பது நாளில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்யாணம் பிப்ரவரி, இது மே. ஆமேரிலிருந்து வந்த பெண் அந்த வீட்டில் மூன்று மாதம் சொச்சம்தான் இருந்திருக்கிறாள். பாஷை தெரியாது, சாப்பாடு வேறு, ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரர் கொழுந்தன் முறைக்காரனை மாடியிலிருந்து தள்ளுகிறார். அவள் அன்று இரவு என்ன நினைத்திருப்பாள்? படம் காட்டியிருக்க வேண்டியது அதைத்தான்.

ஜூன் 14

போர்க் காட்சிகளை வெட்டலாம் என்று முதல் நாள் எழுதியதை மறுபடி யோசித்தேன். நேற்று இரவு பானிபட் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். கடைசிச் சண்டையை வெட்டலாம், பானிபட்டை வெட்டக் கூடாது.

1556 நவம்பர். அக்பருக்கு அப்போதுதான் 14 வயது. எதிரில் ஹேமு. ரேவாடிப் பக்கத்து வியாபாரி, சூர் வம்சத்தில் சேர்ந்து படிப்படியாகத் தளபதியாகி, ஒரு மாதத்துக்கு முன்புதான் டெல்லியைப் பிடித்து விக்ரமாதித்யன் என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். போரில் ஹேமுவின் கைதான் ஓங்கியிருந்தது. ஒரு அம்பு கண்ணில் பாய்ந்தது, யானைமேல் சாய்ந்தார், படை கலைந்தது. பிடித்துவந்து நிறுத்தியபோது வெட்டச் சொல்கிறார் பைராம் கான். படத்தில் சிறுவன் அக்பர் மறுக்கிறான், பைராம் கானே வெட்டுகிறார். அபுல் ஃபஸலும் அப்படித்தான் எழுதுகிறார். சிறுவனும் வாளால் ஒரு வெட்டு வெட்டினான் என்று எழுதியவர்களும் உண்டு. அபுல் ஃபஸல் அரசவையில் சம்பளம் வாங்கியவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்தக் காட்சி ஏன் வேண்டும் என்றால், தனக்காக வேறொருவர் கொலை செய்கிற வீட்டில் வளர்ந்த பையன் என்பது அங்கே பதிந்துவிடுகிறது. பைராம் கான், மாகம் அங்கா என்று எல்லோரும் அவன் பெயரில் ஆட்சி நடத்துகிறார்கள். பிற்பாடு அவன் யார் பேச்சைக் கேட்பது என்று தடுமாறுவது அதனால்தான் நம்பும்படி இருக்கிறது.

ஹேமுவுக்குத்தான் அநியாயம். ஐந்து நிமிடத்தில் வில்லனாக வந்து தலை போய்விடுகிறது. கடை வைத்திருந்தவர் டெல்லி சிம்மாசனத்தில் உட்கார்ந்த கதை. நாலு படம் எடுக்கலாம்.

கடைசிச் சண்டை: இரண்டு பக்கமும் படை நிற்க, அக்பரும் ஷரீஃபுதீன் ஹுசைனும் ஒண்டிக்கு ஒண்டி. சுத்த சினிமா. நிஜ ஷரீஃபுதீன் அக்பரின் அக்கா பக்ஷி பானுவின் கணவர். கலகம் செய்தார், அப்புறம் குஜராத் பக்கம் ஓடினார். 1564இல் டெல்லியில் அவருடைய அடிமை ஒருவன் விட்ட அம்பு அக்பரின் தோளில் பாய்ந்தது. மைத்துனர் பகை இந்த அளவுக்குப் போயிருக்கிறது, அதைவிட்டுக் கேடயத்தையும் ஈட்டியையும் கொடுத்துக் கால்மணி நேரம் புழுதி பறக்கவிடுகிறார்கள். வில்லன் உடம்பைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது, கதை ஒன்றும் நகரவில்லை.

ஜூன் 15

கோட்டை எப்படி என்று கேட்டவருக்கு ஒரு சின்னக் குசும்பு. படத்தில் 1562இலேயே செக்கச்செவேல் என்று ஆக்ரா கோட்டை நிற்கிறது. அந்தச் சிவப்புக் கல் கோட்டையை அக்பர் கட்டத் தொடங்கியதே 1565இல்தான். அதற்கு முன் இருந்தது பழைய செங்கல் கோட்டை. ஆமேர் கோட்டையில் இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதியும் பிற்பாடு, பார்மலின் பேரன் மான் சிங் காலத்திலும் அதற்குப் பின்னும் வந்தது. ஆக, ஜோதா புகுந்த வீடு, பிறந்த வீடு இரண்டுமே அப்போது கட்டி முடியாத வீடுகள். அரண்மனை செட்டைக் கர்ஜத்தில் போட்டவர் நிதின் சந்திரகாந்த் தேசாய். அவர் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூன் 15, பத்து நிமிடம் கழித்து

யானையை அடக்குகிற காட்சியையும் "ரஜினி படம்" என்று கேலி செய்திருக்கிறீர்கள். 1561இல் ஆக்ராவில் ஹவாய் என்கிற மதம் பிடித்த யானைமேல் ஏறி, இன்னொரு யானையைத் துரத்திக்கொண்டு யமுனைமேல் இருந்த படகுப் பாலத்தில் ஓட்டியவர் அக்பர். படகுகள் அமிழ, ஆட்கள் ஆற்றில் குதிக்க, பாசாவன் தீட்டிய ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் வந்தது அடக்கி வாசித்ததுதான்.

ஜூன் 19

பாட்டைப் பற்றி யாருமே எழுதவில்லை என்பது ஆச்சரியம். 'க்வாஜா மேரே க்வாஜா' கல்யாண இரவில் வருகிறது. பாடியவரும் ரஹ்மான்தான். அக்பர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்து, மெல்ல எழுந்து, சுழல்கிறவர்களோடு சேர்ந்துகொள்வார். இந்த இடத்துக்காகவே படத்தைப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும்.

குறை சொல்ல வேண்டும் என்றால் சொல்லலாம்: உயரத் தொப்பியும் வெள்ளை அங்கியுமாகச் சுழல்வது துருக்கியின் கோனியாவைச் சேர்ந்த மெவ்லவி சூஃபி மரபு. அஜ்மீர் க்வாஜாவின் சிஷ்தி மரபில் கவ்வாலிதான். ஆனால் அக்பர் அந்தக் கல்யாணத்துக்கே அஜ்மீர் போய்விட்டு வந்தவர். பாட்டு சரியான வீட்டில்தான் இருக்கிறது, சட்டைதான் பக்கத்து வீட்டுடையது. அந்தப் பக்கம் ஜோதா 'மன் மோகனா' என்று கிருஷ்ணன்முன் பாடுவார். அரண்மனைக்குள் கோயில் என்பதும் சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டதில்லை. இந்து மனைவிகளுக்காக அந்தப்புரத்தில் ஹோமம் நடந்தது என்று அக்பர் காலத்து வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதுகிறார். அக்பரைப் பிடிக்காத ஆள் அவர், எரிச்சலோடுதான் எழுதுகிறார். அதனால் இன்னும் நம்பலாம்.

ஜூன் 22

"அப்படியானால் காதல் மட்டும் புளுகா?" என்று இழையைத் தொடங்கியவரே திரும்பி வந்து கேட்டிருக்கிறார். நகைக்கடையிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு வாழ்த்துகள்.

அவர்களுக்குள் காதல் இருந்ததா என்று எந்த ஏடும் சொல்லாது. இது ஏற்பாட்டுக் கல்யாணம், அதுவும் அவசரத்தில் செய்தது. பார்மலின் அண்ணன் மகன் சுஜா பதவிக்கு அடிபோட, ஷரீஃபுதீன் அவன் பக்கம் சேர்ந்து, பார்மலின் உறவினர்களைப் பிணையாகப் பிடித்துவைத்திருந்தார். அந்தக் கழுத்துப்பிடியிலிருந்து தப்பிக்கப் பார்மல் நேராகப் பாதுஷாவிடமே சம்பந்தம் பேசினார். படத்தில் சோனு சூத் செய்யும் சுஜாமல் இந்த சுஜாதான். கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு யாத்திரை வரி போனது, 1564இல் முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டிய ஜிஸியா வரி போனது. மனைவி சொன்னதால்தான் போனது என்று படம் கொஞ்சம் வளைக்கிறது. ராஜபுத்திரர்களின் வாள் தனக்கு வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் அக்பர், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு காட்சி போதும். ஜோதா, அக்பரின் பெயரைப் பாரசீக எழுத்தில் அழகாக எழுதிக் காட்டுகிறாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எனக்குப் படிக்கத் தெரியாது என்கிறார். இந்துஸ்தானத்துப் பாதுஷா. அவள் முகத்தில் பரிதாபமும் இல்லை, சிரிப்பும் இல்லை, படித்துச் சொல்கிறாள். அக்பருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது மகன் ஜஹாங்கீரே எழுதிவைத்தது. அதை எடுத்துக் கணவன் மனைவிக்கு நடுவில் வைத்த கதாசிரியருக்குக் கைகொடுக்க வேண்டும்.

ஜூலை 2

ஆக்ரா போயிருந்தேன். எங்கள் டூர் பஸ் தாஜ்மஹால், கோட்டை, சிக்கந்திராவில் அக்பர் கல்லறை என்று கிளம்பிவிட்டது. மர்யம் உஸ் ஜமானியின் கல்லறை அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மதுரா சாலையில்தான் இருக்கிறது. ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனேன். டிரைவரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன், புரியவில்லை. "ஜோதா பாய்" என்றேன், ஸ்டார்ட் பண்ணிவிட்டார். பெயர்ச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துபோனது. உள்ளே நாலு பேர்கூட இல்லை. லோடி காலத்துக் கட்டடம் ஒன்றை எடுத்து, உள்ளே சமாதி வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து அவரைப் பற்றித் தேடிப் படித்ததில் கிடைத்தது இது. படம் அவரைச் சின்ன வயதிலேயே விட்டுவிடுகிறது. அவர் 1623 வரை இருந்தார், கணவர் போன பிறகும் 18 ஆண்டுகள். வியாபாரம் செய்தார். ரஹீமி என்று சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தார். சூரத்திலிருந்து செங்கடலுக்குச் சரக்கும் போகும், ஹஜ் பயணிகளும் போவார்கள். ராஜபுத்திர வீட்டில் பிறந்த ராணியின் கப்பலில் மெக்காவுக்கு யாத்திரை! 1613இல் போர்ச்சுக்கீசியர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். அம்மாவின் கப்பலைத் தொட்டதற்கு ஜஹாங்கீர் சும்மா இருக்கவில்லை. போர்ச்சுக்கீசியர்களோடு சண்டையே மூண்டது, ஆக்ராவில் பாதிரிமார்களின் தேவாலயத்தை மூடவைத்தார். சூரத்தில் கால் வைக்கத் துடித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்குக் கொண்டாட்டம்.

கடல், கொள்ளை, கணக்குப் புத்தகம், வயதான ராணி. நகையும் வைத்துக்கொள்ளட்டும். இதை யாராவது எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் ரெடி, அம்மாவுக்கும் ஒரு டிக்கெட்.

ஜூலை 3

"சரி சார், மூன்றரை மணி நேரம் உட்கார முடியாது, எதைத் தள்ளுவது" என்று கேட்டவருக்கு: பானிபட் பாருங்கள். யானை, கல்யாணம், க்வாஜா, சமையலறை, மாடி, கையெழுத்து இவற்றை விடாதீர்கள். ஆமேருக்குப் போய் மனைவியைச் சமாதானம் செய்கிற இடத்தில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், வாள் சண்டை வரும். கடைசிப் போர் வந்ததும் எழுந்து போய் டீ போட்டுக்கொள்ளலாம், அக்பர்தான் ஜெயிப்பார்.